கன்னியம்மாவின் ஆடுகளும் எங்கள் அளவுகோலும்

மற்றவர்களின் ஞாபகசக்தியை அளப்பது ஒரு காலத்தில் என் பிழைப்பு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடுகிற என் இனத்தவரே, சிரிக்காதீர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூர் வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைச் சோதித்தேன். பட்டணத்துப் படிப்பாளிகளுக்கு வைத்த மதிப்பெண்ணைப் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் வைப்பது அநியாயம் இல்லையா? வயதுக்கும் படிப்புக்கும் தக்கபடி புது அளவுகோல் செய்வதுதான் எங்கள் வேலை.

ஆடு பறிபோனது

ஆடு மேய்த்துவந்த திருப்புலிவனம் கன்னியம்மா, காணாமல்போன குட்டியைத் தேடிவிட்டு ஒருநாள் இருட்டிய பிறகு வீடு திரும்பினார். பயந்துபோன மகன் ஏழுமலை பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக, பழைய அளவுகோல்படி மறதி நோயாக இருக்கலாம் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து ஆடுகள் பக்கத்து வீட்டுக்காரர் பொறுப்பில், கன்னியம்மா வீட்டோடு. நான் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் அளவு எப்பம்மா முடியும்? ஆடுங்க என்னைத் தேடிக்கினு கீதுங்க."

தலைகீழ்க் கிழமை

மானாம்பதியில் ஒரு பெரியவரிடம் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். சனி, வெள்ளி, வியாழன் என்று வந்தவர் புதனில் நின்று என்னை முறைத்தார்.

"முன்னால ஓட்றதே பேஜாரா கீது. பின்னால வேற ஓட்டணுமா?"

கேள்வித்தாள் அவுட்

பத்து வார்த்தைகளை வாசித்துக் காட்டி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பது ஒரு சோதனை. அதே ஊரில் மறுநாள் முதல் ஆளாக உட்கார்ந்த அம்மாள், நான் வாயைத் திறக்குமுன்பே பத்தையும் ஒப்பித்தார். நடவு வயலில் எல்லாருக்கும் பரவிவிட்டதாம். நான் மாற்று வார்த்தைகளை எடுத்ததும் முகம் வாடிவிட்டது.

"இன்னாம்மா நீ, ராவெல்லாம் படிச்சது வீணா பூடுச்சே!"

அம்மாவும் பிள்ளையும்

ஒருவழியாக அளவுகோல் தயாரானது. எங்கள் குழுவின் டாக்டரோடு போய்க் கன்னியம்மாவை மறுபடி சோதித்தோம். பத்தில் ஐந்து சொன்னார். அவர் வயதில், பள்ளிக்கூடமே பாராதவருக்கு அது நல்ல மதிப்பெண். மற்றதையும் பார்த்துவிட்டு, நோய் இல்லை, ஆடுகளைக் கொடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஏழுமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் பத்தாவது படித்த மிடுக்கு விடவில்லை. "அஞ்சுதானா? நான் சொல்றேன் பாருங்க" என்று ஆரம்பித்தவர் நாலோடு நின்றுவிட்டார். கன்னியம்மா அதற்குள் கோலைக் கையில் எடுத்திருந்தார். மகனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஐய, பாவம். இவனைத் தனியா வுடாதீங்கம்மா. ஆட்டுங்களோட நானே இட்டுக்கினு போறேன்."

வயதுக்கும் படிப்புக்கும் பார்த்துப் பார்த்து அளவுகோல் செய்த நாங்கள், பெற்ற பிள்ளைகளுக்கென்று ஒன்று செய்யத்தான் மறந்துவிட்டோம்.