முதல் அடிக்கு ஒரு மேசை

சென்ற ஞாயிறு மாலை கருவடிக்குப்பத்தில் ஒரு சொற்போர். முதலில் பேச வேண்டியவன் நான். அவையோர் வந்து அமர்வதற்குச் சற்று முன்பு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மேடைக்குக் கீழே மண்டியிட்டு, ஒரு மடக்கு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

"இன்னா தம்பி... மூட்டப்பூச்சி தேடுறியா?" என்றார் விழாக்குழுச் செயலாளர்.

"இல்லீங்க. இது எப்படி மடங்குதுன்னு பாக்கறேன்."

"வாடகை நாற்காலிய்யா அது. கழட்டிப் போட்டுடாத!"

எத்தனையோ மேடைகள் ஏறியிருக்கிறேன். எதிரே நாற்காலிகள் நிறைந்திருக்கின்றனவா என்று ஆவலோடு பார்த்ததுண்டு. அவை எவ்வாறு நிற்கின்றன என்று பார்த்ததுண்டா? இல்லை. பார்க்க வைத்தவர் என் மாமா... அக்காவின் கணவர்.

முதலியார்பேட்டையில் அக்காவின் வீடு. ஒரே அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையற்கட்டு. பஞ்சாலையில் பகல் ஷிப்ட் முடித்து மாமா வீடு திரும்பினால், பக்கத்து வீட்டு அந்துவான் தம் கேரம் பலகையைத் தலையில் சுமந்துகொண்டு வந்துவிடுவார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் 'சொல்தா'வாக இருந்து ஓய்வுபெற்றவர். பின்னாலேயே ஆலை நண்பர்கள் இருவர்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஆடுவது யார் என்று காசைச் சுண்டிப் பார்ப்பதில்லை. பலகையைக் கொண்டுவருபவர் எவராயினும், அதற்கு இடம் போட்டவருக்கே முதல் அடி! அறையைப் பெருக்கிப் பாய் விரிப்பவர் மாமா. ஆகவே முதல் அடி அவருடையது. அடுக்கிய காய்கள் சிதறும் அந்த ஓசையைக் கேட்டே ஆட்டம் தொடங்கிவிட்டது என்று தெரு அறியும்.

போன வருடம் மாமா சைக்கிளிலிருந்து விழுந்தார். அன்று அடிபட்ட முழங்கால் இன்றுவரை மடங்கவில்லை. கையில் தடி வந்தது. தரையில் அமரும் வழக்கம் போனது. நண்பர்கள் கீழே ஆட, இவர் நாற்காலியிலிருந்து பார்ப்பார். சில நாள்களில் "எனக்குத் தூக்கம் வருது, நீங்க ஆடுங்கப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளத் தொடங்கினார். உறங்குபவர் வீட்டில் எவர் ஆடுவார்? அவர்கள் வருவதும் குறைந்தது.

"மேசை செய்து தருகிறேன்!" என்று அக்காவிடம் முழங்கினேன்.

"செய்டா. ஆனா ராத்திரியில அத எங்க வப்ப? பாய் போட எடம் வேணும்" என்றாள்.

"என் காலுதான் மடங்கல, மேசையாவது மடங்கட்டும்" என்றார் மாமா, சுவரைப் பார்த்தபடியே.

செய்தேன். தடித்த பலகை, பருத்த நான்கு கால்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கீல். உறுதியை மெய்ப்பிக்க வேண்டாமா? அதன் மீது ஏறி நின்று உரையே நிகழ்த்தினேன். மேசை அசையவில்லை. வெற்றி!

அந்த மாலை அக்கா அறையைப் பெருக்கி இடம் ஒதுக்க, நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைக் கொண்டுவந்தோம்.

"ரெண்டு பேரு தூக்கிக்கினு வர்றீங்க... சாமி ஊர்வலமா?" என்றார் மாமா.

அந்துவான் பலகையை வைத்துக் காய்களை அடுக்கினார். "அலே, அலே! அடிய்யா" என்று அவசரப்படுத்தினார். மாமா ஸ்டிரைக்கரை எடுத்தார். எடுத்து, அக்காவிடம் நீட்டினார்.

"எடம் போட்டது அவ. அவதான் அடிக்கணும்."

"எனக்கு ஒல வக்கணும்" என்று முணுமுணுத்தாலும் அக்கா அடித்தாள். ஸ்டிரைக்கர் எகிறிப் பறந்து பீரோவுக்கடியில் புகுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"நீங்களே அடிங்க மாமா, என்ன இப்போ?" என்றேன்.

"தருமத்துக்கு ஒரு அடி போடறியா மச்சான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசைக்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்று யோசித்தவன், அதை எவர் கை சுமக்கும் என்று யோசிக்கவில்லை. மாமாவின் ஒரு கைக்குத் தடி வேண்டும். எஞ்சியிருப்பது ஒரே கை. அந்த ஒரு கையோடு வந்து, அந்த ஒரு கைக்கே விரிய வேண்டும் மேசை!

மேடையில் எனக்கு ஒரு பக்கம் நின்று பேசினால் போதும். உறுதியே என்பேன், இல்லை, இலேசே என்பார் எதிரணியார். மேசைக்கு ஏது அந்தச் சலுகை? அது இரண்டு பக்கமும் நின்றாக வேண்டுமே!

அன்று தொடங்கியது இந்த வியாதி. குடையைக் கண்டால் கம்பிகளை ஆராய்கிறேன். சைக்கிளைக் கண்டால் குனிந்துவிடுகிறேன். இத்தனை மெலிந்தவை எப்படி இத்தனை சுமக்கின்றன? நான்கு குச்சிகளை மூலைக்கொரு ஆணியடித்துச் சதுரமாக்கினேன். லேசாகத் தள்ளினேன்... சாய்ந்துவிட்டது. மூலைக்கு மூலை குறுக்கே இன்னொரு குச்சி வைத்து அடித்தேன். தள்ளினேன்... அசைய மறுத்தது! ஒரே ஒரு குச்சி! நீங்களும் செய்து பாருங்கள். என் வியப்பு உங்களுக்கும் தொற்றும்.

கருவடிக்குப்பத்து நாற்காலி மிச்சத்தைச் சொன்னது. கத்தரிக்கோல் போல் குறுக்கிட்ட கால்கள், குறுக்கிடும் இடத்தில் ஒரு போல்ட், அவ்வளவே. அங்கே மண்டியிட்டிருந்தபோதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்துவானின் பலகைதான் வருகிறதே... அதற்குக் கீழே இன்னொரு பலகை எதற்கு? என் மேசையின் பாதி எடை, தேவையே இல்லாத தலை!

மெல்லிய ரீப்பர் கட்டைகளால் இரண்டு சட்டங்கள் செய்தேன். ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கட்டை. ஒன்றுக்குள் ஒன்றை நுழைத்துப் பக்கத்துக்கு ஒரு போல்ட். அளவுக்கு மீறி விரியாமலிருக்க, மேலே கட்டில் நாடா. பலகை நழுவாதிருக்க நான்கு சின்னத் தடுப்புகள். இம்முறை ஏறி நின்று பேசவில்லை... நிற்க அதில் இடமேது?

அக்கா ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "மொறம் மாதிரி கீதுடா. நிக்குமா?"

நேற்று மாலை அவர்கள் வந்தார்கள். சுவரில் சாய்த்திருந்த மேசையை நோக்கி என் கை நீண்டது. "நில்லு" என்றார் மாமா. வலக்கையில் தடி. இடக்கையால் மேசையை எடுத்தார். அறையின் நடுவே வந்தார். ஓர் உதறு உதறினார். நாடா 'படக்'கென்று விறைத்தது. மேசை நின்றது. அந்துவான் பலகையை அதன் மேல் வைத்தார். வழக்கத்தைவிட அழுத்தி வைத்தார் என்பது என் ஐயம்.

மாமா நாற்காலியில் அமர்ந்து, காலை நீட்டி, பவுடரைத் தூவினார். குறி பார்த்தார். சுண்டினார். தெருவுக்கே கேட்டிருக்கும்! காய்கள் நாற்புறமும் சிதறின. ஒன்றுகூடக் குழியில் விழவில்லை. விழுந்தது ஸ்டிரைக்கர் மட்டும்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மேசை ஆடுது மச்சான்."

மேசை ஆடவே இல்லை. ஆனாலும் பாருங்கள்... மறுத்துப் பேச வாய்ப்பிருந்தும் நான் வாயை மூடிக்கொண்டது, என் வாழ்நாளில் இதுவே முதல் முறை!