சப்பரத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தவர்

ஒரு மலைக்கிராமத்து அந்தோணியார் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியாரை ஒரே ஒரு நாள்தான் பார்த்தேன். ஒல்லியான ஆள். சப்பரத்திலிருந்த அந்தோணியார் சொரூபத்துக்கு முதுகு காட்டக் கூடாதென்று, அதைப் பார்த்தபடியே பாதை முழுவதும் பின்னோக்கி நடந்தார். குதிகாலால் கல்லை ஒதுக்கிக்கொண்டே ஜெபம் சொன்னார்.

அது அறுபதுகளில். திருப்பூர் பனியன் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர் திருவிழாவுக்கு அழைத்துப் போயிருந்தார். எங்களுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தவறியிருந்தன. மனைவிக்கு மறுபடி ஏழாம் மாதம். சப்பரம் சுமப்பதாக வேண்டியிருந்தேன்.

தூக்கியதும் எல்லோரும் "அந்தோணியாரே" என்றார்கள். முருகன் கோயில் பழக்கத்தில் நான் மட்டும் "அரோகரா" என்று கத்திவிட்டேன்.

"பழனி அந்தப் பக்கமுங்க!" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது.

உபதேசியாரிடம், "வேண்டுதல் கெட்டுப்போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"என்ன வேண்டுதலுங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அவரு கோவிச்சுக்க மாட்டாருங்க. தோளை நிமித்துங்க, உங்க மூலைதான் சாயுது."

வழியில் ஆள் மாற்றுவது அங்கே வழக்கம். என்னை மட்டும் அவர் மாற்றவிடவில்லை. கோயில் வாசல் வரை சுமந்தேன்.

ஆவணியில் மகள் பிறந்தாள், தங்கினாள். அவளுக்கு மொட்டை போட்டது பழனியில்தான். சன்னதியில் கைகூப்பி நின்றபோது, ஏனோ அந்த உபதேசியார் முகம்தான் எனக்கு முன்னால் வந்தது.