பூஜையில் உட்கார்ந்த காமிக்ஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலஞ்சு வருஷமாகத் தள்ளிப்போட்டேன். சாமி காரியத்தைச் சிரிப்பாக்கினால் குத்தமாகிவிடுமோ என்று பயம். ஆனால் திண்டிவனத்தில் இந்தக் கதை வேறு மாதிரி நடமாடுவதாகக் கேள்விப்பட்டேன். சரஸ்வதித் தாயாரை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு விழுப்புரத்தில். மகள் அப்போது பிளஸ் ஒன். அவளுக்கு உயிர் காமிக்ஸ்தான். ஏதோ வெளிநாட்டு ஹைஸ்கூல், அதில் ஒரு பையன். ஒருநாளும் பாடம் படிக்க மாட்டான். ரெண்டு பொண்ணுங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பான். தமிழில் வந்த அந்தப் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில் தேடித்தேடி வாங்கி, ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சேர்த்திருந்தாள்.

சரஸ்வதி பூஜைக்குத் திண்டிவனத்திலிருந்து என் நாத்தனார் வந்தார். பெட்டியைத் திறந்து ஒரு பக்கம் பார்த்தார்.

"ஏம்மா, பொம்பளப் புள்ள இதைப் படிச்சிக்கினு இருந்தா உருப்படுமா? நாளைக்குப் பேப்பர்காரன் வந்தா எடைக்குப் போட்டுடு."

"சரிங்க அண்ணி" என்றேன். மகள் அழுதாள், சோறு வேண்டாம் என்றாள். நான் மசியவில்லை.

பூஜை நேரம். சுண்டல் தாளிக்கிற அவசரத்தில், "வூட்டுல இருக்கிற எல்லா புஸ்தகத்தையும் கொண்டாந்து வைடி" என்று அடுப்படியிலிருந்து கத்தினேன். வந்து பார்த்தால் இடுப்பு உயரத்துக்கு அடுக்கு, மேலே பட்டுத்துணி, அதன்மேல் கணக்குப் புத்தகம். பிளஸ் ஒன்னுக்குப் பாடம் ஜாஸ்தி போல என்று சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, கற்பூரம் காட்டினேன். நாத்தனார் விழுந்து கும்பிட்டார்.

மறுநாள் காலை மறுபூஜை முடித்துத் துணியை எடுத்தேன். அந்தப் பையன் பல்லை இளித்துக்கொண்டு இருந்தான்.

"அடிப்பாவி!"

"நீதானேம்மா எல்லா புஸ்தகமும்னு சொன்ன?"

தெருவில் பேப்பர்காரர் ஸ்பீக்கர் கத்துகிறது. "ஜல்தியா தூக்கிப் போடு" என்றார் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் பொரியை மென்றுகொண்டே, "பூஜையில வச்சதை எடைக்குப் போடுவீங்களா? நீயே விழுந்து கும்பிட்டியேக்கா" என்றார்.

நாத்தனார் வெடுக்கென்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வைத்த புத்தகத்தில் நாலு வரி படிப்பது எங்கள் வழக்கம். மகள் ஒரு காமிக்ஸை என் கையில் கொடுத்தாள். "படிம்மா. அப்புறமும் போடணும்னா போட்டுக்கோ."

சாமி பாட்டு படிக்கிற ராகத்திலேயே ஆரம்பித்தேன். அந்தப் பையன் பள்ளிக்கூட விழாவில் பக்கத்தில் உட்காருவதாக ரெண்டு பொண்ணுங்களிடமும் வாக்குக் கொடுத்துவிட்டான். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் சட்டையை மாற்றி மாற்றி ஓடுகிறான். ஓடின ஓட்டத்தில் ஹெட்மாஸ்டர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த நாத்தனார் கேட்டார்: "அப்புறம்?"

"தொடரும்னு போட்டிருக்குங்க அண்ணி."

"பேஜாரா போச்சே! அடுத்ததை எடுடி."

வாசலில், "பழைய பேப்பர் இருக்காம்மா?"

"ஒண்ணுமில்ல, போப்பா!" என்று கத்தியது நாத்தனார்தான்.

அவர் பஸ் ஏறும்போது பொரியோடு பாதி அடுக்கும் பையில் போனது. "கெட்டது எதுனா இருக்கான்னு பார்த்துட்டுத் தர்றேன்." இன்னும் பார்த்துக்கினே இருக்கிறார்.

இப்போது திண்டிவனத்தில், நான் அந்தப் பையனுக்கு மாலை போட்டு ஆரத்தி சுற்றினதாகப் பேச்சு. மாலை தாயாருக்குத்தான் போட்டேன். புண்ணியமாகப் போகும், யாரிடமாவது சொன்னால் மாலையைச் சேர்க்காதீர்கள். "அப்புறம்?" என்று கேட்டது யார் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.