வெள்ளையாக விடப்பட்ட குளம்

வாசகரே, ஒரு வழக்குக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன், உடன் வாருங்கள்.

காலை ஏழு மணிக்குப் பதுளையில் ஆட்டோ ஏறினேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். மடியில் கயிறு கட்டிய வெள்ளைத் தட்டு. தண்ணீரில் இறக்கினால், அது கண்ணுக்கு மறையும் ஆழமே நீரின் தெளிவு. அதே தெளிவை, நீர் திருப்பியனுப்பும் ஒளியைக் கொண்டு செய்மதி வானிலிருந்தே கணிக்கிறது.

“தோட்டத்துல சோறு போட்டா தட்டும் தருவாங்க சேர்!” என்றார் சாரதி.

நான் சிரிக்கவில்லை. செய்மதி பொய் சொல்லாது என்று பட்டிமன்ற மேடையில் வாதாடி வென்றவன் நான். இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எட்டு மணிக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்புறக் குளத்தை அடைந்தேன். லயத்துப் பொதுக்குழாயான பீலியில் விழும் குடிநீர் இங்கிருந்துதான் போகிறது. வடிகட்டித் தொட்டி கேட்டு மனுக்கொடுத்த செல்வமேரி காத்திருந்தார்.

“கொழுந்து பறிக்கப் போகாம நிக்கிறேன் தம்பி. ஒரு நல்ல பதில் வாங்கிக் குடுங்க.”

தட்டை இறக்கினேன். ஒரு முழத்தில் மறைந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு அதிகாரி வந்தார். தொட்டிகளைப் பங்கிடுபவர் அவரே. கைத்திரையில் செய்மதிப் படம். பெரிய நீர்த்தேக்கங்களில் நீலமும் பழுப்பும். இவ்விடம் வெறும் வெள்ளை.

“கலங்கல் இல்லயே! தொட்டிய வேற தோட்டத்துக்குக் குடுத்தாச்சு.”

“ஐயா, வெள்ளை என்றால் சுத்தமல்ல, அளக்கவில்லை என்று பொருள். இப்படத்தின் ஒரு கட்டம் பத்து மீற்றர். குளமோ ஆறு மீற்றர் அகலம்தான். நீரும் தேயிலையும் ஒரே கட்டத்தில் கலந்துவிட்டதால், செய்மதி நேர்மையாக வெற்றிடம் விட்டிருக்கிறது. அதை நிரப்பியது உங்கள் வாய்.”

“படத்துல இல்லாததுக்கு நான் என்ன செய்ய? அடுத்த வருஷம் பாப்பம்.”

“எம் மகளுக்கு வயித்தால போறதும் படத்துல வரணுமா சேர்?” என்ற செல்வமேரி, பீலியில் பிடித்த ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார். அதிகாரி அதை வாங்கவில்லை. வாகனத்தில் ஏறி, கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தபடியே போய்விட்டார்.

பதுளையில் என் வீட்டுக் குழாய் நீரில் என் விரல்ரேகை தெரியும். ஒரு ஆட்டோ தூரத்தில் இந்தச் சேற்றைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள்.

திரும்பும்போது போத்தலொன்றில் அக்குளத்து நீரை நிரப்பிக்கொண்டேன். லயத்து வாசலில் எல்லோருக்கும் கேட்கும்படி செல்வமேரியிடம் சொன்னேன்:

“அக்கா, வர்ற சனிக்கிழமை பதுளையில நான் பேசுற கூட்டத்துக்கு அந்த அதிகாரிதான் தலைவர். அவர் முன்னால வைக்கிற கிளாஸ்ல இந்தத் தண்ணிதான் இருக்கும். அவர் அதக் குடிக்காம நான் வாயத் திறக்க மாட்டேன்.”