கெர்வின், குலசேகரத்தின் மகன்

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் டொக்டரிடம் போனால் ஒவ்வொரு முறையும் இந்தக் கூத்து நடக்கும். வரவேற்பு மேசைப் பெண் எழுந்து நின்று, கெர்வினை "ஜெர்வின்" ஆக்கிக் கூப்பிடுவாள். கூப்பிட்டுவிட்டு, அறையில் இருக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். என் மகன் எழும்பிப் போனால், "இல்லை செல்லம், நான் கூப்பிட்டது ஜெர்வினை" என்பாள். "அது நான்தான்" என்று அவன் சொல்ல வேண்டும். ஒருநாள் அவள் என் பக்கம் திரும்பி, "வடிவான பெயர், உங்கள் நாட்டுப் பெயரா?" என்று கேட்டாள். "இல்லை, ஜேர்மன் பெயர்" என்றேன். "ஓ" என்றாள். அந்த ஒற்றை எழுத்துக்குள் எவ்வளவு சந்தேகம்! கடையில் களவெடுத்துக்கொண்டு வந்த சாமானைப் பார்ப்பதுபோல் என் பிள்ளையைப் பார்த்தாள். அவனுக்கு அப்போது காய்ச்சல் வேறு.

அந்தப் பிள்ளை வளர்ந்து, பல்கலைக்கழகமும் முடித்து, வேலை தேடித் தேடி அலுத்துப் போயிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், சோற்றுக் கோப்பையோடு எனக்கு முன்னால் வந்து இருந்தான். "அப்பா, நான் பேரை மாத்தப்போறன்" என்றான். லண்டனில் அது பெரிய வேலை இல்லை. சாட்சி வைத்து ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. என் மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கனகாலம் காணவில்லை. "மாத்து ராசா, இப்பவாவது மாத்து" என்றாள். அந்தப் பெயரை வைத்தவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஊரில் இருந்து வாசிக்கிறவர்களும், என்னைப்போலப் பிள்ளைகளுக்கு இரவல் பெயர் வைத்துவிட்டு முழிக்கிறவர்களும் யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பெயர் எனக்குக் கிடைத்தது ஒரு சவக்காலையில். ஜேர்மனியில் எங்களைப் போட்டிருந்த சின்ன நகரத்தில், அகதி விண்ணப்பம் முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் நகரசபையின் சவக்காலையில் இலை கூட்டலாம், புல்லு வெட்டலாம். அதை அவர்கள் வேலை என்று சொல்வதில்லை. ஹொர்ஸ்ட் என்றொரு ஜேர்மன்காரர் எங்களுக்குப் பொறுப்பாக இருந்தார். கருங்கல்லைக் கண்ணாடியாக மினுக்கி, பொன்னெழுத்தில் பெயர் வெட்டி, சுற்றவரப் பூமரம் நட்ட கல்லறை ஒன்று அங்கே இருந்தது. அதில் இருந்த பெயர்தான் கெர்வின். இவ்வளவு மரியாதையோடு கிடக்கிற மனிதனின் பெயர் மரியாதையான பெயராகத்தானே இருக்க வேண்டும்? என் மகன் பிறந்தபோது நான் யோசித்தது அவ்வளவுதான். துஷ்யந்தன், துவாரகன் என்று வைத்து, அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் அவனை வெளியாள் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. பெயரைக் கேட்ட உடனேயே "எங்கட பெடியன்" என்று அவர்கள் நினைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிள்ளைக்குக் கெர்வின் என்று பதிந்துவிட்டேன் என்று ஹொர்ஸ்டிடம் சொன்னபோது, மனிதர் விளக்குமாறைப் போட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தார். அவருக்கு அவ்வளவு சந்தோசமாக்கும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார், தன் அப்பாவின் சித்தப்பா ஒருவருக்கு அந்தப் பெயர் இருந்ததாம், அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிற ஒரு கெர்வினையும் தான் காணவில்லையாம். நகர நூலகத்தில் பெயர் அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'கெர்' என்றால் ஈட்டி, 'வின்' என்றால் தோழன். பழைய காலத்தில் ஈட்டி தூக்கிச் சண்டை பிடித்த ஆட்கள் வைத்த பெயராம். பிறகு வழக்கில் இருந்து போய், பழம்பெருமை பேசுகிறவர்கள் தூசி தட்டித் திரும்ப எடுத்து, போரில் தோற்றபின் மறுபடியும் கைவிட்ட பெயர். நான் என் பிள்ளைக்கு அதை வைத்த நேரத்தில் எங்கள் தெருவில் இருந்த ஜேர்மன்காரர் தங்கள் பிள்ளைகளுக்கு மைக், கெவின் என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கழித்துவிட்டதை நான் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்!

மனைவியிடம் இதை விற்கத்தான் பெரும்பாடு பட்டேன். பிள்ளை விசாக நட்சத்திரம், அது முருகனுடைய நட்சத்திரம். "ஈட்டித் தோழன் எண்டு அர்த்தம் அப்பா, வேலோட நிக்கிறவன். எல்லாம் முருகன்ர பேர்தான்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப வேலன் எண்டே வச்சிருக்கலாமே" என்றாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு அன்று, நட்சத்திரத்துக்கு வந்த எழுத்தில் துஷ்யந்தன் என்றுதான் பிள்ளையின் காதில் சொல்ல வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சொன்னேன். பெயர் எங்கே கிடைத்தது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன், அன்றோடு போனது நிம்மதி. "செத்தவன்ர பேரையே என்ர பிள்ளைக்கு வச்சனீங்கள்?" என்று கேட்டு அழுதாள். பிறகு அவள் அவனைக் கெர்வின் என்று கூப்பிட்டதே இல்லை. வீட்டில் தம்பி, கோயிலில் துஷ்யந்தன்.

சரி, பெயர் அவனுக்கு ஏதாவது செய்ததா என்று கேளுங்கள். நாலாம் வகுப்பு முடிய ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, "கெர்வின் கெட்டிக்காரன். ஆனால் வீட்டில் ஜேர்மன் பேசும் சூழல் இல்லையே" என்று சொல்லி, பல்கலைக்கழகம் போக வழியில்லாத ஹவுப்ட்ஷூல என்ற பள்ளிக்கூடத்துக்கு அவனை எழுதினாள். வாய் நிறையக் கெர்வின், கெர்வின் என்று சொல்லிக்கொண்டேதான் எழுதினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜேர்மன் பாஸ்போட் கையில் வந்ததும் சாமானைக் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் அவனை 'ஜெரி' என்று கூப்பிடுகிறார்கள் என்று அறிந்தபோது, செல்லமாகச் சுருக்கியிருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். போர்க்காலத்தில் வெள்ளைக்காரர் ஜேர்மன்காரரைத் திட்டிய சொல் அது என்பது எனக்கு எங்கே தெரியும்! அதே பெடியனைப் பஸ் தரிப்பில் வைத்து, பாகிஸ்தான்காரன் என்ற வசையாக 'பாக்கி' என்று துப்பினார்கள். ஒரே பிள்ளையை ஒரே நாளில் இரண்டு நாட்டுக்காரனாக்கித் திட்டுவதற்கும் ஒரு கெட்டித்தனம் வேண்டும்.

ஆகவே, மகன் பெயரை மாற்றுகிறேன் என்றபோது எனக்கு ரோசம் வந்தாலும், பிள்ளை சுமந்தது போதும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மனைவி அடுத்த வெள்ளிக்கிழமையே விம்பிள்டன் கோயிலுக்குப் போய்த் துஷ்யந்தன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பத்திரம் முடிந்து வந்த அன்று, அவன் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"தம்பி, இதில கெர்வின் எண்டெல்லே கிடக்கு. பிழையா அடிச்சுப் போட்டாங்களோ?"

"நோ அப்பா. கெர்வின் இஸ் மீ. எனக்கு அந்தப் பேர் விருப்பம்."

"அப்ப எதையடா மாத்தினனீ?"

அவன் விரலை வைத்துக் காட்டினான். கெர்வின் கோல். வெள்ளைக்காரர் கனபேருக்கு இருக்கிற குடும்பப் பெயர் அது.

"குலசேகரம் எங்க?"

"கொஞ்சம் லோங் அப்பா. அந்தப் பேரைக் கண்ட உடன அப்ளிகேஷனைப் பின்னுக்குப் போடுறாங்கள். கோல் எண்டு போட்டுப் பார்த்தனான், உடன இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்கள்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான், "கோல் கூட உங்கட பேரில இருந்துதான் எடுத்தனான், குலசேகரத்தில வாற 'குல'தான் கோல்."

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பிள்ளையின் பெயரோடு நிற்பது தகப்பனின் பெயர். என் பெயருக்கு முன்னால் என் அப்பா ஒற்றை எழுத்தாக நிற்கிறார், என் மகனுக்குப் பின்னால் நான் நின்றேன். யாராவது அவனை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கும் காது கேட்கும். வெள்ளைக்காரனுக்கு அது ஒரு நீளமான சொல். என் பிள்ளைக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது. "விசரா, அது நானடா" என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அவனுக்கு வேலை வேண்டும். உள்ளே நுழைய நல்ல பெயர் வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டவனே நான்தான், இப்போது அவன் போட்டது அதே கணக்கு.

மனைவிதான் வாயைத் திறந்தாள். "செத்தவன்ர பேரை வச்சுக்கொண்டு, உயிரோட இருக்கிற தகப்பன்ர பேரை எடுத்துப் போட்டியேடா" என்றாள். அவன் "அம்மா, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டான். அவள் பிறகு என்னிடம், "சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வேலை கிடைத்துவிட்டது. முதல் நேர்முகத்தில் கம்பனி மனேஜர் வரவேற்பறைக்கு வந்து "கெர்வின் கோல்?" என்று கேட்டு, இவனைத் தாண்டி வாசலைப் பார்த்தானாம். மகன் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. திறந்தேன். பார்சல்காரன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் கோல்?" என்றான்.

"அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் அவருடைய தகப்பன்" என்றேன்.

"அப்படியென்றால் நீங்களும் மிஸ்டர் கோல்தானே" என்று சிரித்துக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லிச் சின்ன மெசினை நீட்டினான். நான் அதன் கண்ணாடித் திரையில், பிளாஸ்டிக் குச்சியை ஊன்றி, குலசேகரம் என்று தமிழில் முழுதாக எழுதினேன். அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"தாங்க் யூ, மிஸ்டர் கோல்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.