ஏழு மீட்டர் ஆழத்தில் மூச்சைப் பிடித்த ஜெபராஜ்

பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.20. ராமேஸ்வரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து ஸ்கூபா படகு கிளம்பியபோது அதில் எட்டுப் பேர் இருந்தோம். கரைக்குத் திரும்பியபோதும் எட்டுப் பேர். அப்படித் திரும்பியது தற்செயல் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் திருப்பூர் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் பராமரிப்பு இன்ஜினியர். பாய்லர், கம்ப்ரசர், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் என் தலையில். இரண்டு வருடமாக ஸ்கூபா பழகி, மீட்புப் பயிற்சி வரை முடித்திருக்கிறேன். கழிவுநீர்ப் பிரிவில் எட்டு வருடமாக வேலை பார்க்கும் ஜெபராஜ் அண்ணன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தன்னையும் ஒருமுறை கூட்டிப்போகச் சொல்லி ஒரு மாதம் நச்சரித்தார். அவர் மனைவி மெர்சி அக்கா பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறார். நீச்சல் தெரியாது. வேடிக்கை பார்க்க வந்தார்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் காரில் கிளம்பினோம். பல்லடம் முக்கில் தனியார் பஸ்களுக்கு வழிவிட்டே இருபது நிமிடம் போனது. தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் வழி. என் மீட்டரில் 352 கி.மீ., ஏழரை மணி நேரம். வழி நெடுக மெர்சி அக்கா விடவில்லை.

"வீட்டுல குளிக்கச் சொன்னா வெந்நி இல்லம்பாக. இப்ப கடல்ல முங்கப் போறாகளாம்."

"அங்க சோப்பு கேக்க மாட்டாங்கள்ல" என்றார் ஜெபராஜ்.

புதியவர்களுக்கு ஒரு முறை இறங்க, தலைக்கு நான்காயிரம் ரூபாய். படகு, கருவி, பயிற்சியாளர் எல்லாம் சேர்த்து. காசு கொடுத்ததும் பலர் செல்ஃபி எடுக்கப் போய்விடுகிறார்கள். நான், அவசர சிகிச்சைக்குப் படகில் இருக்க வேண்டிய ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடினேன். பத்து லிட்டர் சிலிண்டர், 120 பார் அழுத்தம். நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர் கொடுத்தால் எண்பது நிமிடம் வரும். போதும். ஆனால் அதைத் திறக்கும் சாவி, டூல்ஸ் பெட்டியில் டீசல் துணிக்கு அடியில் கிடந்தது. ஆக்சிஜன் பக்கத்தில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். சாவியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, என் பையில் இருந்த புது பனியன் வேஸ்ட் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துச் சிலிண்டர் கழுத்திலேயே கட்டினேன்.

படகு ஓட்டும் சேசு அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, நீங்க முங்க வந்தீகளா, எங்க படகுக்கு எஃப்.சி. பாக்க வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தானுங்கண்ணா."

இறங்குமுன் பயிற்சியாளர் ரியாஸ், "எது நடந்தாலும் மூச்சைப் பிடிக்காதீங்க" என்று மூன்று முறை சொன்னார். காரணம் சாதாரண இயற்பியல். ஏழு மீட்டரில் இழுத்த காற்று, மேலே வரும்போது 1.7 மடங்காக விரியும். வெளியே விடாவிட்டால் நுரையீரல்தான் கிழியும். ஜெபராஜ் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். 8.05க்கு அவர் ரியாஸோடு இறங்கினார். மதுரையிலிருந்து வந்த இரண்டு மாணவர்கள் இன்னொரு பயிற்சியாளரோடு வேறு பக்கம் இறங்கினார்கள். நான் அடுத்த முறைக்காகப் படகில் இருந்தேன்.

8.21க்கு ஜெபராஜ் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. பார்த்த உடனே புரிந்துவிட்டது.

மூக்கையும் சேர்த்து மூடும் முகக்கண்ணாடிக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து மூக்கில் எரிந்திருக்கிறது. எங்கள் பட்டறையில் மூக்கில் எரிந்தால் ஒரே விதிதான்: மூச்சைப் பிடி, ஏணியில் ஏறு. தொட்டியில் விஷவாயு கிளம்பினால் அதுதான் உயிரைக் காக்கும். எட்டு வருடம் பழகிய உடம்பு, கடலிலும் அதையே செய்துவிட்டது. ரியாஸ் அவர் காலைப் பிடித்தும் நிறுத்த முடியவில்லை.

மெர்சி அக்கா படகின் விளிம்பில் கால் வைத்துவிட்டார். அவர் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "ரெண்டாவது ஆள் எறங்கக் கூடாதுங்கக்கா." இதுவும் எங்கள் பட்டறை விதி. கழிவுநீர்த் தொட்டிகளில் காப்பாற்றக் குதித்தவர்கள்தான் அடுத்தடுத்துச் செத்திருக்கிறார்கள். கயிறு கட்டிய மிதவையை வீசினேன். பின்னாலேயே மேலே வந்த ரியாஸ் அவரை மிதவையோடு சேர்த்துப் பிடிக்க, மூன்று பேராக இழுத்துப் போட்டோம்.

இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. குரல் தகரத்துக்குள்ளிருந்து பேசுவது போல் மாறியிருந்தது. கழுத்துத் தோலைத் தொட்டால் உப்புக்கல்லை மிதித்தது போல நறநறவென்றது. நுரையீரலிலிருந்து காற்று கசிந்து தோலுக்கடியில் ஏறிவிட்டது. அந்தக் காற்று ரத்தத்தில் நுழைந்து மூளைக்குப் போனால் கதை முடிந்தது.

"சார், நாலு மீட்டருக்கு மறுபடி கூட்டிட்டுப் போய் மெதுவா ஏத்துனா சரியாயிரும்" என்றார் ரியாஸ்.

"ஒருத்தரும் தண்ணிக்குள்ள போகக் கூடாதுங்க. மல்லாக்கப் படுக்க வைங்க. தலையைத் தூக்காதீங்க." சத்தமாகத்தான் சொன்னேன். மரியாதை பார்க்கிற நேரம் இல்லை.

அரை நிமிடத்தில் ஆக்சிஜன் ஓடத் தொடங்கியது. சேசு அண்ணன் கை எஞ்சின் சாவிக்குப் போனது. கீழே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

"சாவியை எங்கிட்டக் குடுங்கண்ணா."

மெர்சி அக்கா அலறினார். "தம்பி, எடுக்கச் சொல்லுங்க தம்பி! அவுக செத்துருவாக!"

"கீழ மூணு பேரு இருக்கறாங்கக்கா. யாராச்சும் புரொப்பல்லர்ல மாட்டுனா, ரெண்டு பேருக்குக் குடுக்க நம்மகிட்ட ஆக்சிஜன் இல்லீங்க."

இரும்பு ஏணியை ஸ்பேனரால் விடாமல் தட்டினேன். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் நன்றாகப் போகும். சேசு அண்ணன் 108க்குப் பேசி ஆம்புலன்ஸைக் கரையில் நிற்கச் சொன்னார். மெர்சி அக்காவிடம் ஆக்சிஜன் முகமூடியைக் கொடுத்து, "ஓரத்துல காத்துப் போகாம அழுத்திப் புடிங்க" என்றேன். நூறு அடுக்குத் துணியை நழுவாமல் பிடித்து வெட்டும் கை. அழுதுகொண்டே பிடித்தார், ஆனால் முகமூடி அசையவில்லை. ஜெபராஜ் அதை விலக்கி "எனக்கு ஒண்ணுமில்ல" என்று தொடங்கினார்.

"பேசாமக் கெடங்க. கல்யாணம் முடிஞ்சு பதினோரு வருசத்துல இன்னைக்கு ஒரு நாள் வாய மூடுனா கொறஞ்சிர மாட்டீக."

நான்கு நிமிடத்தில் மூன்று தலைகளும் வெளியே வந்தன. அந்த நான்கு நிமிடத்தில் மெர்சி அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. மூன்று பேரும் படகில் ஏறி, தலைகளை எண்ணி முடித்த பிறகே சாவியைக் கொடுத்தேன். இருபத்திரண்டு நிமிடத்தில் கரை.

அரசு மருத்துவமனையில் படம் எடுத்தார்கள். நுரையீரல் கிழிந்து காற்று கசிந்திருந்தது. மூளைக்குப் போகவில்லை. டாக்டர் கடல் மருத்துவம் தெரிந்த ஒருவரிடம் போனில் பேசிவிட்டு, காற்றழுத்தம் ஏற்றிச் சிகிச்சை தரும் அழுத்த அறைக்கு அனுப்ப வேண்டாம், ஆக்சிஜனும் ஓய்வும் போதும் என்றார். பிறகு, "படகுல ஆக்சிஜன் குடுத்தது யாரு?" என்று கேட்டார். மெர்சி அக்கா என்னைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன். படகைக் கட்டிவிட்டு வந்து சேர்ந்த சேசு அண்ணன், "இவுக திருப்பூர்க்காரவுக சார், கூட்டா வேலை பாத்துட்டாக" என்றார். பெருமையாக இருந்தது. அடக்கமான ஆள் வேண்டுமானால் வேறு பதிவைப் படியுங்கள்.

நான்காம் நாள் டிஸ்சார்ஜ். புதன்கிழமை இரவு வீரபாண்டி வந்து சேர்ந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு. பிப்ரவரியில் கடல் அமைதி. காலையிலேயே இறங்கிவிடுங்கள், மதியம் காற்று ஏறும். முங்கிய கையோடு கொடைக்கானல் போகலாம் என்று திட்டம் போடாதீர்கள். உயரம் ஏறினாலும், விமானம் ஏறினாலும் உடம்புக்குள் இருக்கும் வாயு குமிழியாகும், ஒரு நாள் முழுதாகக் கழியட்டும். சளி, ஆஸ்துமா இருந்தால் மறைக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத படகில் ஏறாதீர்கள். இருக்கிறது என்றால் திறந்து காட்டச் சொல்லுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும். சாயப்பட்டறை, கெமிக்கல் வேலை பார்ப்பவர்கள் முதலில் நீச்சல் குளத்தில், கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டு மூச்சு விடப் பழகுங்கள். காதால் கேட்டது போதாது, உடம்புக்குத் தெரிய வேண்டும்.

நான் அடுத்துச் செய்யப் போவது:

1. சேசு அண்ணன் படகில் சிலிண்டருக்கு நிலையான பிடியும், இன்னொரு சாவியும் நானே போய்ப் பொருத்துவேன். அவர் சம்மதித்துவிட்டார்.

2. தண்ணீருக்குள் திரும்பக் கூட்டிப்போகும் வைத்தியம் ஏன் ஆளைக் கொல்லும் என்று ரியாஸுக்கு உட்கார்ந்து விளக்குவேன். நல்ல பையன், கேட்பான்.

3. ஜெபராஜ் அண்ணன் இனி ஆயுளுக்கும் முங்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவர் கெஞ்சுவார். முடியாது என்பேன்.

4. மார்ச் முதல் வாரம் பட்டறையில் மீட்புப் பயிற்சி. முகமூடி பிடிக்கச் சொல்லித்தரப் போவது நான் இல்லை, மெர்சி அக்கா. கம்பெனியில் அரை நாள் லீவு வாங்கிவிட்டார். தரையில் நோயாளியாகப் படுக்க ஒரு ஆள் வேண்டும் என்றேன். ஜெபராஜ் அண்ணன் உடனே கை தூக்கினார்.