ஃபிக்ஸ் பண்ணிரட்டுங்களா?

சாய வேலையில் பொய் சொன்னால் துணி முதல் துவைப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடும். பக்கெட் தண்ணீர் சிவப்பதைப் பார்த்து மற்ற துணிகளை அவசரமாக வெளியே இழுத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

உப்பு

வெளிநாட்டு லேபில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டு, திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் லேப் பொறுப்பாளராகச் சேர்ந்த புதிது. டையிங் மாஸ்டர் செல்வராசு கெமிஸ்ட்ரி படிக்காதவர். தண்ணீரைப் பார்த்தே துணியில் என்ன ஷேடு வரும் என்று சொல்லிவிடுவார். "இத்தனை மூட்டை உப்பு எதுக்குங்க சார்?" என்று ஒருநாள் கேட்டார். எனக்குக் குஷி. தண்ணீரில் பருத்திக்கும் நெகட்டிவ் சார்ஜ், சாயத்துக்கும் நெகட்டிவ் சார்ஜ், ஒன்றையொன்று தள்ளும், உப்பு நடுவில் புகுந்து அடக்கினால்தான் சாயம் கிட்டே வரும் என்று விளக்கினேன்.

"எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க. நானும் அவளும் மொறைச்சுக்கிட்டு நிப்போம், என்ற மச்சான் வந்து நடுவுல உக்காந்தாத்தான் சோறே!"

ஃபிக்ஸ்

பள்ளியில் 'பிணைப்பு' என்று படித்தேன், கல்லூரியில் 'பாண்ட்' என்று. உப்புக்குப் பின் சோடா போட்டதும் சாயமும் பருத்தியும் எலக்ட்ரானைப் பங்குபோட்டுப் பிணைந்துகொள்ளும். என் படிப்பில் அதுதான் ஃபிக்ஸ். பட்டறையில் ஃபிக்ஸ் என்றால் வேறு. பிணையாத சாயத்தை சோப் போட்டுக் கழுவி எடுத்தபின் கடைசியில் ஊற்றும் மருந்து அது. பாசிட்டிவ் சார்ஜ் உள்ளது. மிச்சம் மீதியைச் சும்மா ஒட்டிப் பிடித்து வைக்கும். இந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியாது.

குழந்தைகள் பனியனுக்கு ஒரு லாட் சிவப்புத் துணி. முதலாளி என் மேஜை முன்னால் நின்று அவசரப்படுத்துகிறார். மாஸ்டர் போன் செய்தார்: "நேரமில்லைங்கறாங்க சார். ஃபிக்ஸ் பண்ணிரட்டுங்களா?" சோடாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "பின்னே? அது இல்லாம சாயம் எப்படி நிக்கும்? உடனே பண்ணுங்க" என்றேன். இரண்டாவது முறை சோப் போட்டுக் கழுவுவது பாக்கி இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு மருந்தை ஊற்றலாமா என்பதுதான் அவர் கேள்வி. கொஞ்சம் தயங்கினார்.

"படிச்சவங்க நீங்க சொன்னா சரிங்க."

வெள்ளைக் காலர்

துணி வாங்கிய கம்பெனியில் தைத்த பனியனைத் துவைத்துப் பார்த்தார்கள். வெள்ளைக் காலர் ரோஸ் ஆகிவிட்டது. லாட் முழுக்கத் திரும்பி வந்தது. மாஸ்டரின் போன் எதைப் பற்றியது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முதலாளி எங்கள் இருவரையும் நிறுத்தி, என்ன ஆச்சு என்றார். "சோப்பிங் குறைஞ்சிருக்கு" என்றேன். சரியான விடைதான். குறைக்கச் சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாஸ்டர் என்னைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். முதலாளி குரலை உயர்த்தவே இல்லை.

"நாளைக்கு வர வேண்டாமுங்க மாஸ்டர்."

டீ

போன மாதம் மங்கலம் ரோடு பேக்கரியில் அவரைப் பார்த்தேன். நல்லூரில் ஒரு சின்ன யூனிட்டில் பனியன் மடிக்கிறாராம். மாஸ்டர் வேலை கேட்டுப் போகிற இடத்துக்கெல்லாம் அந்தச் சிவப்பு லாட் அவருக்கு முன்னாலேயே போய் நிற்கிறது. எனக்கும் சேர்த்து டீ சொன்னார். அந்த போனைப் பற்றிப் பேச்செடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னிக்கு நீங்க வாயைத் தொறப்பீங்கன்னு பாத்தேனுங்க சார். சரி விடுங்க, டீ ஆறுதுங்க."

பிணைப்பை இரண்டு மொழியில் படித்தவனுக்கு, 'நான்தான் சொன்னேன்' என்பதைச் சொல்ல ஒரு மொழிகூட வரவில்லை.